பத்துக்கு ஏழரை

"கையெழுத்துப் போட மாட்டேன். இவ ஹாஸ்டலுக்குப் போனா மூணாம் நாளே மூட்டையைக் கட்டிக்கிட்டுத் திரும்பி வருவா."

வகுப்பாசிரியை தாளை மேஜைமேல் பொத்தென்று போட்டார். பள்ளிக்கூடமே அவரைக் 'கறார் மிஸ்' என்றுதான் சொல்லும். அது அவருக்கும் தெரியும், வருத்தமும் இல்லை.

எதிரே நின்றவர் பழைய கட்டில், பீரோ வாங்கி விற்கும் கடைக்காரர். அவருக்குப் பின்னால் இரண்டடி தள்ளி, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவர் மகள். பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டாள். வெளியூர்க் கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது. விடுதியில் இலவசமாகச் சேர்க்க மட்டும், 'இந்தப் பெண் தனியாகச் சமாளிப்பாள்' என்று வகுப்பாசிரியை எழுதித் தர வேண்டும். இன்றுதான் கடைசி நாள்.

போன வருஷம் கறார் மிஸ் கண்ணை மூடிக்கொண்டு எழுதித் தந்த இரண்டு பெண்கள், ஒரே மாதத்தில் அழுதுகொண்டு வீட்டுக்கு ஓடி வந்துவிட்டார்கள். சூடு பட்டவர் இந்த வருஷம் அவராகவே ஒரு தாள் தயாரித்துக் கொடுத்திருந்தார். பத்து வேலை, பதினாலு நாள். வீட்டில் பழக வேண்டும். தேறினால் டிக். தேறாவிட்டால் என்ன ஆனது என்று ஒளிக்காமல் எழுத வேண்டும்.

"நீங்களே கேளுங்க சார்" என்று மிஸ் படித்தார். "சமைத்தல்: குக்கரில் தண்ணீர் ஊற்ற மறந்து, குக்கரே போச்சு. துவைத்தல்: வெள்ளைச் சட்டை நீலமாகிவிட்டது. எட்டாவது, கோபத்தை அடக்குதல்: முடியவில்லை, முடியவில்லை, முடியவே இல்லை! வகுப்புல வாயே திறக்காத பொண்ணு, வீட்டுல இந்த ஆட்டம் ஆடுதா?"

மகள் நிமிர்ந்தாள். "மிஸ், அது வந்து..."

"நீ பேசாதே. தாயில்லாப் பொண்ணுன்னு அப்பா செல்லம் குடுத்தே கெடுத்து வச்சிருக்கார்."

கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மிஸ், பத்துக்கு எத்தனை வந்தா கையெழுத்து?"

"எட்டு."

"ஏழு இருக்குல்ல? ஏழுக்கே முடிச்சுக்கலாமே."

"சார், இது உங்க கடை இல்ல!"

"சரி, உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம். ஏழரை. குக்கர்தான் போச்சே தவிர, அடுத்த நாள் சோறு முக்கால் பதத்துக்கு வந்துச்சு. அதுக்கு ஒரு அரை போடுங்க."

"ஒரு பொண்ணோட படிப்பு சார் இது! இதுல போய் பேரம் பேசறீங்களே, வெக்கமா இல்ல?"

அவ்வளவுதான். கடைக்காரருக்குச் சுருக்கென்றது. கழுத்து நரம்பு புடைத்தது. மேஜையை ஓங்கித் தட்டக் கை மேலே போனது. பக்கத்து மேஜை ஆசிரியர்கள் பேனாவை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்பா..." என்றாள் மகள், மெதுவாக.

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. அப்புறம் மெல்ல இறங்கி, சட்டைப் பைக்குள் போய் ஒளிந்துகொண்டது. அடுத்த நொடி அவர் முகமெல்லாம் பல்.

"பாத்தீங்களா மிஸ்? அடக்கிட்டேன்! இத்தனை பேர் சாட்சி. எட்டாவதுக்கு ஒரு டிக் போடுங்க. மொத்தம் எட்டு!"

மிஸ்ஸுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "நீங்க அடக்கினா அவளுக்கு எதுக்கு டிக்?"

"அவளுக்கு யாரு கேட்டா? பரீட்சை எனக்குத்தானே?"

"உங்களுக்கா?"

"என்ன மிஸ், நீங்களே இப்படிக் கேக்கறீங்க? புள்ளைய ஹாஸ்டலுக்கு அனுப்பணும்னா, பெத்தவங்க இந்தப் பத்துலயும் பழகித் தேறணும், இல்லேன்னா சீட்டு கிடையாதுன்னு நீங்கதான் சொன்னதா இவ வந்து சொன்னா. குக்கரைக் கருக்கினது, சட்டையை நீலமாக்கினது எல்லாம் நான்தான். இவ பக்கத்துல நின்னு எழுதினா. லேட்டானா வம்புன்னு, இவளைக்கூடக் கேக்காம காலையில நானே கொண்டாந்து ஆபீஸ்ல குடுத்துட்டுப் போனேன்."

மிஸ் மகளைப் பார்த்தார். அவள் கண்ணாலேயே கெஞ்சினாள். பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து, அப்பா பார்க்காத பக்கமாக மேஜையில் நகர்த்தினாள்.

அதுதான் அவளுடைய தாள்; அப்பா கொண்டுவந்தது அதன் நகல். பத்து வரியிலும் டிக். பழகிய தேதி எழுத வேண்டிய இடத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே பதில்: 'ஐந்தாம் வகுப்பிலிருந்து.'

கறார் மிஸ் பேனா மூடியைக் கழற்றினார். அந்த வீட்டில் இனிமேல் தனியாகச் சமாளிக்க வேண்டியது யார் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஆமா சார்," என்றார், குரலில் விறைப்புக் குறையாமல். "நான்தான் சொன்னேன்."

மகளின் தாளில் கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினார். பிறகு அப்பாவின் தாளை எடுத்து எட்டாவது வரியில் பெரிதாக ஒரு டிக் அடித்தார்.

"எட்டு. பாஸ். ஆனா சமையலும் துவைக்கறதும் மிச்சம் இருக்கு. அதை விட மாட்டேன். ஒரு மாசம் டைம்."

மகள் தாளை வாங்கிக்கொண்டு ஆபீஸுக்கு ஓடினாள். அவள் வாசலைத் தாண்டும்வரை காத்திருந்த கடைக்காரர், மேஜைமேல் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"மாசமெல்லாம் வேணாம் மிஸ், பத்து நாள் போதும். அவ கிளம்பறதுக்குள்ள நான் தேறிடணும். இல்லேன்னா அங்க போயும் புத்தகத்தைத் திறக்காம, அப்பன் என்னத்தைச் சாப்பிட்டானோன்னு உக்காந்திருப்பா."