சவுக்காரப் பெட்டிக்குள் இடி

"இந்தச் சவுக்காரப் பெட்டிக்குள்ள இடியையே அடைச்சிருக்கேன் மச்சான்!" என்று, காலால் மிதித்தால் கிட்டார் ஒலியை உறுமலாக்கும் பெடலை நீட்டினான் தவசீலன். பழைய சோப்புப் பெட்டியில் அவனே செய்தது.

கஹவத்தைத் தோட்ட இசைக்குழுவை நடத்தும் நாகேந்திரன் மூடியைத் திறந்தான். கொசுகூட நுழையாதபடி பாகங்களை நெருக்கிப் பொருத்திய சர்க்யூட் பலகை. பேட்டரிக்குத்தான் இடமே இல்லை.

"பேட்டரிய உன் தலையிலயா வைக்கிறது? திருவிழாக் கச்சேரி தொடங்கப் போகுது! இன்னையோட நீ குழுவில இல்ல, போடா!"

கிட்டாரிலும் ஸ்பீக்கரிலும் வயர் மாட்டியிருந்த பெடலைத் தரையில் போட்டு, ஆத்திரத்தில் ஓங்கி மிதித்தான் நாகேந்திரன். ஸ்பீக்கர் உறுமியது. தொழிலாளர் லயத்து வீட்டுக் கூரைத் தகரமெல்லாம் இரத்தினபுரி வரை அதிர்ந்தது. கிட்டார் வயரைப் பிடுங்கினான். நிற்கவில்லை. ஸ்பீக்கர் வயரையும் பிடுங்கினான். உறுமல் கூடியது.

ஓடிவந்தவர்கள் தவசீலனிடம் விஷயத்தைக் கேட்டு, "பேட்டரி இல்லாமலா? பொய்!" என்றார்கள்.

"வாய மூடுங்க! உள்ள பார்த்தவன் நான். நெசந்தான். அவன் குழுவிலயே இருக்கட்டும்," என்று சீறினான் நாகேந்திரன், மிதித்த காலை எடுக்கப் பயந்து.