பதினேழு எழுத்து

"ஃபெதர்ஸ்டோன்ஹாஃப் இல்ல சார், ஃபேன்ஷா. எழுதறது அப்படி, சொல்றது இப்படி" என்றாள் கவிப்ரியா.

"அச்சா. ஆனா இங்கிலீஷ்ல பதினேழு எழுத்து இருக்கேம்மா. மீதியெல்லாம் அங்க என்ன பண்ணுது?"

"நம்ம செக்‌ஷன் மாதிரிதான் சார். பாதிப் பேர் சும்மா உக்காந்திருப்பாங்க."

அண்டர் செக்ரட்டரி இராஜமாணிக்கம் இதை ரசிக்கவில்லை. டெல்லி லோதி ரோடு அலுவலகத்தில் அவருக்கு இது பன்னிரண்டாவது வருடம். வெளிநாடு என்று போனது காட்மாண்டு வரைக்கும்தான். இப்போது லண்டனில் ஆறு மாதப் பயிற்சி வந்திருக்கிறது. ஒரே ஒரு இடம். பட்டியலில் அவரும் அவருக்குக் கீழே வேலை பார்க்கும் கவிப்ரியாவும். பேசிப் பார்த்துத் தேர்ந்தெடுக்க லண்டனிலிருந்து வெள்ளிக்கிழமை வருகிற அம்மாள்தான் இந்த மிஸஸ் ஃபேன்ஷா.

"போட்டியில இருந்துக்கிட்டு எனக்கே சொல்லித் தர்றியே, உனக்குப் பெரிய மனசும்மா" என்றார். இவளுக்கு எங்கே கிடைக்கப்போகிறது என்ற நிம்மதியில் பிறந்த பாராட்டு அது.

அப்புறம் மனிதர் ஓயவில்லை. லிஃப்டில் ஃபேன்ஷா, கேன்டீனில் ஃபேன்ஷா. வீட்டில் மனைவி அம்சவேணி, "யாருங்க அவ?" என்று கேட்கும் அளவுக்குப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை. முதலில் அவரைத்தான் கூப்பிட்டார்கள். பதினைந்து நிமிடத்தில் பதினோரு தடவை "மிஸஸ் ஃபேன்ஷா" என்றார். ஒவ்வொன்றும் அட்சர சுத்தம். அந்த அம்மாளின் முகம்தான் தடவைக்குத் தடவை சிவந்துகொண்டே போனது.

அடுத்து கவிப்ரியா போனாள். "குட் மார்னிங், ஹெலன்" என்றாள். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

மாலையே முடிவும் வந்தது. லண்டனுக்குக் கவிப்ரியா.

"சரியாத்தானேம்மா சொன்னேன்?" இராஜமாணிக்கம் அவள் மேஜைக்கே வந்து கேட்டார்.

"பிரமாதமாச் சொன்னீங்க சார். ஆனா அது புருஷன் வீட்டுப் பேரு. டிவோர்ஸ் ஆயிடுச்சு, அந்தப் பேரைக் கேட்டாலே பத்திக்கிட்டு வருது, ஹெலன்னு கூப்பிட்டாப் போதும்னு திங்கக்கிழமையே மெயில் போட்டிருந்தாங்க."

"அடிப்பாவி, அதை எங்கிட்ட சொல்லாம உச்சரிப்பு சொல்லிக் குடுத்தியா?"

"நீங்க உச்சரிப்புதானே சார் கேட்டீங்க. மெயிலை முறைப்படி ஃபைல்ல வெச்சு அனுப்பிட்டேனே."

ஃபைலைத் திறந்து காட்டினாள். மெயிலுக்கு அடியில், 'படித்தேன்' என்று எழுதி இராஜமாணிக்கமே கையெழுத்துப் போட்டிருந்தார்.