இரவல் சொல்

2024 நவம்பர் 27, புதன்கிழமை. தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய நாள். சன்னிவேலிலிருந்து விமான நிலையம் போகும் ஃப்ரீவேயில் கார்கள் ஊர்ந்துகொண்டிருந்தன.

"ஃபின்லாந்துல அம்மாவை என்னன்னு கண்ணு கூப்புடுவாங்க?" பின்சீட்டிலிருந்து நஞ்சப்பன் கேட்டார்.

"அய்த்தின்னு சொல்வாங்கப்பா," என்றான் காரை ஓட்டிய மகன் மகிழன்.

"பார்த்தியா! நம்ம ஆத்தாதான் அது. கோபிசெட்டிபாளையத்துல பஸ் ஏறி அங்க போயிருக்குது."

அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். உலகத்தில் எந்தச் சொல் கையில் கிடைத்தாலும் அதற்குத் தமிழில் ஒரு தாய்வீடு கண்டுபிடித்துவிடுவார். பக்கத்திலிருந்த மனைவி தனபாக்கியம் சிரிக்கவில்லை. மகன் கட்டிக்கொள்ள நினைக்கும் ஃபின்லாந்துப் பெண் ஐனோ பாஸ்டனிலிருந்து வந்து இறங்கப்போகிறாள். இவர் சரியென்று சொல்ல வேண்டுமே என்பதுதான் அவள் கவலை. போட்டோ கேட்டதற்கு, "நேர்லயே பாருங்கம்மா" என்று மகன் மழுப்பிவிட்டான்.

"இல்லப்பா. ஐனோ ரிசர்ச் பண்றதே இதைத்தான். அது பழைய ஜெர்மானிய பாஷையில இருந்து வந்த சொல். அவங்க சொந்தச் சொல் வேற. அதை இப்போ குட்டி, கன்னு போட்ட ஆடு மாட்டுக்குத்தான் யூஸ் பண்றாங்க."

"பெத்தவளைக் கூப்புட இரவல் வார்த்தையா?" என்றாள் தனபாக்கியம்.

"அதைச் சொல்லி வளர்ற குழந்தைக்கு அது இரவல்னு தெரியுமாம்மா?"

நஞ்சப்பன் யோசித்தார். "அதுவுஞ் செரிதான். வந்த எடத்துல ஒட்டிக்கிச்சுன்னா சொந்தம். எங்கிருந்து வந்துச்சுன்னு நோண்டப்படாது."

"அப்போ... ஐனோ விஷயம் ஓகேவாப்பா?"

"ஃபின்லாந்துக்காரப் புள்ளை. என்ன சாதி, என்ன கூட்டம்னு ஊர்ல எவன் கேக்க முடியும்? எனக்குச் சம்மதம் போடா."

"ஏனுங்க, நெசமாவா?" தனபாக்கியத்துக்குக் கண் கலங்கிவிட்டது. மகிழன் மட்டும் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

விமான நிலைய வாசலில் கம்பளிக் குல்லாயோடு காத்து நின்றவள் மாநிறமாக, களையாக இருந்தாள். தனபாக்கியத்தின் தங்கை மகள் என்றால் யாரும் நம்பிவிடுவார்கள். "ஐ ஆம் ஐனோ," என்று கைகூப்பினாள்.

"ஆறு மாசக் குழந்தையா இருக்கும்போது, ஈரோட்டுப் பக்கம் ஒரு ஆசிரமத்துல இருந்து இவளைத் தத்தெடுத்துட்டுப் போனாங்கப்பா," என்றான் மகிழன்.

கும்பிட எழுந்த நஞ்சப்பனின் கை பாதியில் நின்றது.

"ஈரோடா? அங்க எந்தச் சனம்னு விசாரிச்சியா?"

மார்ச்சில் நடந்த கல்யாணத்துக்கு ஊரிலிருந்து தனபாக்கியம் மட்டும் வந்தாள்.