அம்மா ஹிஸ்டீரிக்கல்

‘அம்மா ஹிஸ்டீரிக்கல். சீக்கிரம் வாங்கப்பா!’

மகள் அனுப்ரியாவின் குறுஞ்செய்தி வந்தபோது கோவிந்தசாமி பூன் லே கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார்.

நிறுத்திவிட்டு அழைத்தார். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தார். அப்போதும் எடுக்கவில்லை.

“ஹிஸ்டீரிக்கல்னா என்ன?” என்று கூட வேலை செய்யும் ஜாஃபரிடம் கேட்டார்.

“கத்துறது, அழுவுறது, ஆளு கன்ட்ரோல்லயே இல்லாம போறது. யாருக்கு?”

கோவிந்தசாமி ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“நீங்க கெளம்புங்க லா. சூப்பர்வைசர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

ரயிலில் போனிலிருந்த அகராதியில் அந்தச் சொல்லைத் தேடினார். ‘இசிவு நோய்’ என்று போட்டிருந்தது. இசிவு என்றால் என்ன என்று அதையும் தேட வேண்டியிருந்தது.

‘வலிப்பு’ என்று வந்ததும் போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டார்.

வீடு இருக்கும் பிடோக் வருவதற்குள் மனைவி மங்களத்தை மனக்கண்ணில் தரையில் பார்த்தார், ஸ்ட்ரெச்சரில் பார்த்தார், இன்னும் எங்கெங்கோ பார்த்தார்.

ஐந்தாவது மாடியில் லிஃப்ட் திறந்ததுமே சத்தம் கேட்டது. கரகரவென்று கிளம்பி, பாதியில் உடைந்து, மறுபடி எழும்பியது.

ஓடினார்.

மங்களம் சமையலறைத் தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கன்னமெல்லாம் கண்ணீர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

“துணி காயப் போட்டேன்பா, உங்க கைலி பறந்துபோய் கீழ மெதுவா கைய கால ஆட்டி தை ச்சி எக்சர்சைஸ் பண்ணிட்டிருந்த அங்கிள் தலையில விழுந்துச்சு” என்றாள் அனுப்ரியா, மூச்சு வாங்க. “அவரு அதை எடுக்கவே இல்லப்பா. அப்படியே கன்டினியூ பண்ணாரு! அப்பலேர்ந்து அம்மா அதையே நெனச்சு நெனச்சு சிரிக்கிறாங்க.”

மங்களம் மறுபடி ஆரம்பித்தாள்.

“அதுக்கு ஹிஸ்டீரிக்கல்னு போடுவியா?”

“விழுந்து விழுந்து சிரிச்சாலும் அப்படித்தான்பா சொல்வோம்.”

கோவிந்தசாமிக்குத் திட்ட வேண்டும்போல்தான் இருந்தது. ஆனால் வேலைக் காலணியோடு மனைவியின் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

பிப்ரவரியில் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்ததிலிருந்து மங்களம் வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. எட்டு மாதமாக, குழம்புக்கு உப்புப் போதுமா என்பதைக்கூட எழுதித்தான் கேட்டாள். குரல் வரலாம், வராமலும் போகலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

“எங்க, இன்னொரு தடவ சிரி” என்றார் கோவிந்தசாமி.