மானிட்டர் மேல ஒரு மஃப்ளர்

"இன்னிக்கும் பாத்திரம் உனக்குத்தான், டார்லீன்!"

ஓரெஸ்ட் போட்ட சத்தத்தில் பக்கத்துத் தடுப்பில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கனடாவின் சாஸ்கட்டூனில் வெளியே மைனஸ் முப்பது டிகிரி. ஊரில் இருக்கிற கோல்ஃப் பைத்தியங்கள் எல்லாம் எங்கள் உள்ளரங்கத்துக்கு வந்து, திரையில் தெரிகிற மைதானத்தைப் பார்த்துப் பந்தடிக்கிற காலம். நான் ஷானா, அங்கே பயிற்சியாளர்.

செவ்வாய்க்கிழமை ஆனால் இந்த ஜோடி வந்துவிடும். ஓரெஸ்ட் கோதுமை விவசாயம் பார்த்து ஓய்ந்த ஆள், அறுபத்தெட்டு வயசு. அவர் மனைவி டார்லீன் மட்டையைக் கையில் எடுத்தே ஐந்து வாரம்தான் ஆகிறது. தோற்றவர் அன்று ராத்திரி பாத்திரம் கழுவணும் என்று பந்தயம். ஐந்து வாரமும் டார்லீன்தான் கழுவுகிறார்.

பாவம், அவர் வந்ததும் தன் சிவப்பு மஃப்ளரை, ஆட்டக் கணக்கைக் காட்டுகிற சின்ன மானிட்டரின் ஓரத்தில் தொங்கப் போடுவார். "அங்கே கொக்கி இருக்கு, அதுல மாட்டுங்க" என்று எத்தனை தடவை சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

"இவ்வளவு இறுக்கிப் பிடிக்காதீங்க, டார்லீன். அது மட்டை. உங்க வீட்டுக்காரர் கழுத்து இல்ல."

டார்லீன் சிரித்துக்கொண்டே கையைத் தளர்த்தினார். காலை அகட்டி, முட்டியை லேசாக மடித்து, ஓங்கி அடித்தார். எழுபது கெஜம்.

"பந்து கடிக்காது அம்மணி, பயப்படாம அடி!" என்று எகத்தாளம் பண்ணிக்கொண்டே ஓரெஸ்ட் வந்து நின்றார். அடித்தார். திரையில் இருநூற்றுப் பத்து கெஜம் என்று வந்தது.

"பார்த்தியா? போன நவம்பர்ல முதுகுல ஆபரேஷன் பண்ணிக்கிட்ட ஆள் அடிக்கிற அடியா இது?"

தன் தோளைத் தானே தட்டிக்கொண்டு காபி வாங்கப் போனார்.

இதற்கு மேல் பொறுக்க முடியாது. டார்லீன் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"நீங்க ம்னு சொல்லுங்க. இந்த மெஷின்ல ஆளாளுக்குத் தனித்தனியா காத்து வைக்கலாம். பெரியவங்களும் குழந்தைங்களும் சேர்ந்து ஆடறதுக்காக இருக்கற வசதி. உங்களுக்குப் பின்காத்து, அவருக்கு எதிர்காத்து. ஒரு நாளாவது அந்த மனுஷன் பாத்திரம் கழுவட்டும்!"

டார்லீன் சட்டென்று என் கையைப் பிடித்தார்.

"ஐயோ, அதைத் தொட்டுடாதே!"

வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மஃப்ளரின் நுனியைத் தூக்கிக் காட்டினார். மானிட்டரின் மூலையில் காற்றின் அம்புக்குறி. ஓரெஸ்ட் பெயருக்கு நேராக முழுப் பின்காற்று.

"உன் முதலாளிகிட்ட சொல்லி அஞ்சு வாரத்துக்கு முன்னாடியே வச்சாச்சு. ஆபரேஷனுக்கு அப்புறம் முதல் தடவை இங்க வந்து அடிச்சப்ப நூத்திப்பத்துதான் போச்சு. வீடு போய்ச் சேர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. மட்டையெல்லாம் வித்துடறேன்னு ஒரே பிடிவாதம். கூட ஆடற சிநேகிதங்க அத்தனை பேரும் குளிருக்குப் பயந்து அரிசோனா போயிட்டாங்க. யாராவது அவர்கிட்ட தோக்கணுமில்ல? அதான் நான் கத்துக்க வந்தேன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்தக் குறுகின வீச்சுக்கு எப்படி இவ்வளவு தூரம் என்று ஒரு நாளாவது யோசித்தேனா? பெரிய பயிற்சியாளர்! கோபம் கண்ணை மறைத்துவிட்டது.

காபியோடு வந்த ஓரெஸ்ட், கடைசிப் பந்தை அடித்தார். "இருநூத்திப் பதினஞ்சு!" என்று இரண்டு கையையும் தூக்கினார்.

"சரி சரி, கழுவித் தொலைக்கிறேன்" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு டார்லீன் கழிவறைப் பக்கம் போனார். என்னைத் தாண்டும்போது கண்ணடித்தார்.

அந்த நேரம் பார்த்து மஃப்ளர் நழுவிக் கீழே விழுந்தது.

அம்புக்குறி பளிச்சென்று தெரிந்தது. போச்சு, அந்த அம்மா பட்ட பாடெல்லாம் போச்சு! நான் ஓடி எடுப்பதற்குள் ஓரெஸ்ட் மானிட்டர் முன்னால் வந்து நின்றுவிட்டார்.

அதைப் பார்த்தார். ஒரு கையை முதுகில் வைத்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து மஃப்ளரை எடுத்தார். உதறினார். அம்புக்குறி மறைகிற மாதிரி அதே மூலையில் தொங்கப் போட்டார்.

"இப்படி ஒரு சுத்து சுத்திவிட்டா விழாது. அவகிட்ட சொல்லிக் குடுக்கவா முடியும்?"

"உங்களுக்கு... தெரியுமா?"

"நாப்பது வருஷம் காத்து பார்த்து வயலுக்கு மருந்தடிச்சவன்மா நான். என்கிட்டயே காத்தை ஒளிச்சு வைக்கிறா!"

"தெரிஞ்சுமா இந்தப் பீத்து பீத்தறீங்க?" கேட்டே விட்டேன்.

குரலைத் தாழ்த்தினார்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து நான் வந்த நாள் முதலா அவ சிரிக்கவே இல்லம்மா. இப்ப செவ்வாய்க்கிழமை ராத்திரி பாத்திரம் கழுவறப்ப விசிலடிக்கிறா."

கதவு திறக்கிற சத்தம் கேட்டது. ஓரெஸ்ட் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பக்கத்துத் தடுப்பில் எல்லோரும் எட்டிப் பார்க்கிற மாதிரி கத்தினார்.

"வாங்க டார்லீன் அம்மணி, வாங்க! வீட்ல சோப்பு இருக்கா, வாங்கிட்டுப் போயிடலாமா?"