போட்டுப் பங்கு

"நர்சு படிச்சா ஊசியாவது போடுவா. கணக்கு படிச்சவ இன்னாத்தடா போடுவா?"

"கூட்டல் போடுவாக்கா," என்றான் கோதண்டம்.

பவுனம்மாள் சிரிக்கவில்லை. காசிமேட்டில் இருபது வருடமாக மீன் ஏலம் விடுகிறவள். பேரம் நடக்கும்போது சிரித்தால் சிரித்தவருக்குத்தான் நஷ்டம் என்று அவளுக்குத் தெரியும். தம்பியாகவே இருந்தாலும்.

மீன்பிடித் தடைக்காலம். படகுகளெல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தன. படகுக்காரர்களெல்லாம் வீட்டில் கட்டிக் கிடந்தார்கள். இந்த நேரம் பார்த்துத்தான் கோதண்டத்தின் மகள் சௌமியாவுக்குக் கணிதம் படிக்க இடம் கிடைத்திருந்தது. ஐந்து வருடப் படிப்பு. ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் சேர்த்து ஐந்து லட்சம். திங்கட்கிழமைக்குள் சேராவிட்டால் இடம் போய்விடும்.

சௌமியா டீ கொண்டுவந்து வைத்தாள். காலையிலிருந்து அந்த வீட்டில் அடுப்பு அணையவே இல்லை.

"பேங்க்ல படிப்புக்கு லோன் தர்றாங்களாமே. அத்த வாங்கேன்," என்றாள் பவுனம்மாள்.

"தர்றான். ஆனா வேல கெடைச்சாலும் கட்டணும், கெடைக்காட்டியும் கட்டணும். கடலே நமக்கு ரெண்டு மாசம் லீவு வுடுது. பேங்க்கு வட்டிக்கு ஒரு நாளு லீவு வுடுமா? அத்தொட்டுதான் நம்ம வயக்கப்படியே போலாம்னு பாக்கறேன்."

"இன்னா வயக்கம்?"

கோதண்டம் நிமிர்ந்து உட்கார்ந்தான். "போட்டு எடுத்துக்கினு கடலுக்குப் போறோம். டீசலு, ஐசுன்னு செலவு பண்றவனுக்கு வர்ற மீன்ல பாதி. பாடுபடற ஆளுங்களுக்கு மீதி பாதி. சர்தானே?"

"ம்."

"இப்ப நம்ம சௌமியாதான் போட்டு. காலேஜு ஃபீஸு டீசலு. ஹாஸ்டல் சோறு ஐசு. நீ ஒரு லட்சம் போடு. அவ வேலைக்குப் போன மொத அஞ்சு வருசம், சம்பளத்துல பாதி உனக்கு, பாதி அவளுக்கு."

"மீனே மாட்டலைன்னா?"

"நான் துண்ட ஒதறிக்கினு போவணும், நீ முந்தானைய ஒதறிக்கினு போவணும். அதான கடல் நியாயம்? யாரும் யாருக்கும் கடங்காரன் இல்ல."

"நைனா..." என்று இழுத்தாள் சௌமியா.

"கம்னு இரு. பெரியவங்க பேசிக்கினு கீறோம்ல?"

பவுனம்மாள் மருமகள் பக்கம் திரும்பினாள். ஏலத்தில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிற அதே பார்வை. "சம்பளம் இன்னா வரும்? டபாய்க்காம சொல்லு."

"ஆரம்பத்துல மாசம் இருபத்தஞ்சாயிரம் வரும் அத்தை. டீச்சராப் போனா கொறையும். டேட்டா சயின்ஸ் பக்கம் போனா அம்பதுகூட வரலாம்."

"அது இன்னா மீனு?"

"மீனு இல்ல அத்தை. பழைய வெவரத்தையெல்லாம் வெச்சிப் பாத்து, நாளைக்கு இன்னா நடக்கும்னு கம்பெனிக்குச் சொல்றது."

"கிளி ஜோசியம்னு சொல்லு."

"அதேதான்க்கா. ஆனா இந்தக் கிளிக்கு ஏசி ரூமு," என்றான் கோதண்டம்.

பவுனம்மாள் விரலை மடக்கி மடக்கி விரித்தாள். உதடு அசைந்தது. "இருபத்தஞ்சுல பாதின்னா பன்னண்டரை... வருசத்துக்கு ஒன்ற லட்சம்... அஞ்சு வருசத்துக்கு ஏழரை." சட்டென்று முகம் சுருங்கியது. "ஏழரையாடா? நம்பரே சரியில்லியே!"

"ஏழரை உன்ன புடிக்கலக்கா. நீதான் ஏழரைய புடிக்கப் போற!"

"சரி, நான் ஒண்ணு போட்டா மீதி நாலு லட்சத்துக்கு இன்னா பண்ணுவ?"

"அத்த நான் பாத்துக்கறேன்."

"நைனா, அத்தைக்கிட்ட அத மட்டும் சொல்லிடு..."

"போய் டீ கிளாஸ கயுவு!"

பவுனம்மாள் இன்னொரு முறை விரலை மடக்கிப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து ஒரு டிபன் பாக்ஸை எடுத்துத் தம்பி முன்னால் நகர்த்தினாள்.

"சீட்டெடுத்த துட்டு. ஒரு லட்சம் கீது. நோட்டு கவுச்சி அடிக்கும், மூக்கப் பொத்திக்கினு எண்ணு."

வாசலில் செருப்பை மாட்டும்போது சௌமியாவின் தாடையைப் பிடித்துக்கொண்டாள். "துட்டு வருதோ வர்லியோ கண்ணு, எங்க வூட்டுப் பொண்ணு காலேஜுல கணக்கு படிக்கிறான்னு ஏலத்துல நாலு பேருகிட்ட சொல்லிப்பேன். எனக்கு அது போதும். ஒயுங்கா படி."

சௌமியாவுக்குக் கண் கலங்கியது. கோதண்டம் அவசரமாகக் குறுக்கிட்டான்.

"படிப்ப சொல்லிக்கோக்கா. இந்தப் பங்கு மேட்டர மட்டும் யாருக்கும் மூச்சு வுடாத. சொந்தக்காரங்க கண்ணு ரொம்பப் பொல்லாது!"

பவுனம்மாள் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்து, கோதண்டம் அரிசி டிரம்மைத் திறந்தான். உள்ளே ஏற்கெனவே இருந்த நாலு கட்டுகளின் பக்கத்தில் ஐந்தாவதை வைத்தான்.

"நைனா! சித்தப்பாவுக்குப் பாதி. மாமாவுக்குப் பாதி. ஐஸ் கடை தவ்ஃபீக் அண்ணனுக்குப் பாதி. வலைக்கடை எபினேசர் அண்ணனுக்குப் பாதி. இப்ப அத்தைக்குப் பாதி. என் பாதியோட சேத்தா ஆறு பாதி! ஒரு சம்பளத்துல ரெண்டு பாதிதான் கீது நைனா!"

கோதண்டம் கொஞ்சமும் அசராமல் டிரம்மின் மூடியை அழுத்தி மூடினான்.

"அத்த எப்படிப் பிரிக்கிறதுன்னு கண்டுபுடிக்கத்தானே கண்ணு, உன்ன அஞ்சு வருசம் கணக்கு படிக்க அனுப்பறேன்!"