உப்புத்தாள் கை

"உன் கை என்ன கையா, உப்புத்தாளா? முதுகையே இழைச்சுடுவ போலிருக்கே. எடு முதல்ல!"

ஈரத் துணியோடு நின்றவளைப் பார்த்துப் புருஷன் கத்தினான். இத்தனைக்கும் அவள் துணியை இன்னும் முதுகில் வைக்கவே இல்லை.

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த நர்ஸம்மா காதிலும் அது விழுந்தது.

"ஏங்க, மெதுவாத்தானே..."

"ஒண்ணும் வேண்டாம். நர்ஸம்மா தொடச்சு விடட்டும். உன் மூஞ்சியைப் பார்த்தாலே எனக்கு வலி கூடுது. அந்த ரூம்ல போய்க் கிட. நான் கூப்பிடாம வராத!"

கத்தியதில் அவனுக்கு மூச்சு வாங்கியது. அவள் துணியை வாளியில் போட்டுவிட்டுப் போனாள்.

அவன் தச்சு வேலை செய்தவன். எலும்பில் புற்றுநோய். இனிமேல் வைத்தியம் இல்லை, வீட்டில் வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் கையை விரித்து எட்டு மாதம் ஆகிறது. வலிக்கு மருந்து கொடுக்க, புண்ணுக்குக் கட்டுப் போட, ஒரு தர்ம அமைப்பிலிருந்து இந்த நர்ஸம்மா செவ்வாயும் வெள்ளியும் வருகிறாள். காசு வாங்குவதில்லை.

வந்ததும் கொஞ்ச நேரம் நோயாளியோடு தனியாகப் பேசுவாள். அது அவர்கள் வழக்கம். வீட்டு ஆள் முன்னால் சொல்ல முடியாதது ஏதாவது இருக்குமே.

இவன் என்னத்தைச் சொல்லப்போகிறான், என்னைப் பற்றித்தான் கோள் சொல்வான் என்று அவள் நினைத்துக்கொள்வாள். மற்ற நாளில் பூனை மாதிரி கிடப்பவன், நர்ஸம்மா வண்டிச் சத்தம் கேட்டால் புலியாகிவிடுகிறான். பன்னிரண்டு வருஷம் குடித்தனம் பண்ணினவளை வேற்று மனுஷி முன்னால் இப்படியா பேசுவது?

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவனைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ராத்திரியிலும்தான். விட்டால் முதுகெல்லாம் புண்ணாகிவிடும். புரட்டிப் புரட்டித் தேய்ந்த கைக்குத்தான் உப்புத்தாள் என்று பேர்.

தரையில் சுருண்டு படுத்து அழுதாள். அழுதது என்னவோ ஐந்து நிமிஷம்தான். அப்படியே தூங்கிப்போனாள்.

கண் விழித்தது நாத்தனார் குரல் கேட்டு.

"எங்க நம்ம வீட்டு மகாராணி?"

"உள்ள தூங்கறாங்கம்மா." இது நர்ஸம்மா.

"தூக்கமா! புருஷன் இந்தக் கிடை கிடக்கான், பட்டப்பகல்ல அவளுக்குத் தூக்கம் கேக்குதோ? ஏம்மா, நீ இன்னும் எத்தனை வீட்டுக்குப் போகணும்? அவ தூங்க, நீ காவலா?"

பதிலுக்குக் காத்திராமல் நாத்தனார் தம்பியிடம் பேச்சைத் திருப்பினாள்.

"தம்பி, நான் முடிவு பண்ணிட்டேன். ஞாயித்துக்கிழமை வண்டி கொண்டு வர்றேன். பேசாம எங்க வீட்டுக்கு வந்துடு. எத்தனை நாளானாலும் நான் பாத்துக்கறேன்."

அவள் எழுந்து வந்து கதவுக்குப் பின்னால் நின்றாள்.

சரி என்று சொல்லிவிடுவானோ? சொன்னாலும் சொல்வான். கை பிடிக்கவில்லை, மூஞ்சி பிடிக்கவில்லை. இனி இருக்கப்போவது ஒரு மாசமோ, பத்து நாளோ. அந்தப் பத்து நாளையும் இன்னொருத்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் இங்கே யாரைப் புரட்டிப் படுக்க வைப்பேன்?

"இல்லக்கா. நான் வரலை."

"ஏன்டா, அவளுக்குப் பயந்துக்கிட்டா?"

"மெல்லப் பேசுக்கா. எழுந்துடப் போறா."

"எழுந்து வரட்டுமே. நல்லா நாலு வார்த்தை கேக்கறேன்!"

"அம்மா, கொஞ்சம் பொறுங்க" என்றாள் நர்ஸம்மா. "அவர் என்கிட்ட தனியா சொன்னதை நான் வெளிய சொல்லக் கூடாது. ஆனா..."

"விடுங்க நர்ஸம்மா, நானே சொல்றேன்" என்றான் அவன். "அக்கா, கொஞ்ச நேரம் படுடின்னு நல்ல வார்த்தையா எத்தனையோ தடவை சொல்லிப் பாத்துட்டேன். கேக்க மாட்டேங்கறா. என் பக்கத்தை விட்டு நகர மாட்டேங்கறா. ஒரு நாள் வலி தாங்காம ஏதோ எரிஞ்சு விழுந்தேன். ரோஷம் வந்து உள்ள போனவ, ரெண்டு மணி நேரம் தூங்கினா. அன்னைக்குத்தான் பிடி கிடைச்சுது. நர்ஸம்மா இருக்கிற நாளாப் பாத்துத் திட்டறேன். அவ எழுந்திருக்கிற வரைக்கும் இவங்களும் உக்காந்திருக்காங்க."

"அதுக்காக இப்படியாடா திட்டுவ, பாவி?" என்றாள் நாத்தனார். குரல் கம்மியிருந்தது.

"எனக்கு மட்டும் ஆசையா? முன்னாடியே யோசிச்சு வச்சுக்கிட்டுத்தான் திட்ட வேண்டியிருக்கு. வர்ற வெள்ளிக்கிழமைக்கு ஒண்ணுமே தோணலை. நீ ஒரு ரெண்டு திட்டு சொல்லிக் குடேன்க்கா. உனக்குத்தான் அது தண்ணி பட்ட பாடாச்சே."

கதவுக்குப் பின்னால் நின்றவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கையால் வாயைப் பொத்திக்கொண்டு, ஓசைப்படாமல் போய்ப் படுத்துக்கொண்டாள். அவன் அவ்வளவு பாடுபட்டு வாங்கிக் கொடுத்த தூக்கம். பாதியில் எழுந்து போனால் பாவம், வருத்தப்படுவான்.

நாத்தனார் மூக்கைச் சிந்துவது கேட்டது. நாற்காலியை இழுத்துப் போடுவது கேட்டது.

"நர்ஸம்மா, நீ அடுத்த வீட்டைப் பாரு. அவ எழுந்திருக்கிற வரைக்கும் நான் இருக்கேன். தம்பி, இனிமே புதனும் ஞாயிறும் நான் வந்துடறேன். அந்த ரெண்டு நாளும் நீ வாயைத் திறக்காத, அவளைத் திட்டற வேலையை நான் பாத்துக்கறேன்."